பன்னிரண்டு மாதமும் நடுங்குவது எப்படி?

வடக்கு கலிஃபோர்னியாவில் முதல் வெட்சூட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அலைச்சறுக்குப் பழகுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். அதுவும் வெயில் அடித்தால் மட்டும் எட்டிப்பார்க்கும் ரகம் அல்ல. ஜனவரியிலும் இறங்குவேன், ஜூலையிலும் இறங்குவேன் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் அறிவித்தாகிவிட்டது. இடம் சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச், பசிஃபிகாவின் லிண்டா மார், அல்லது மலையைத் தாண்டினால் சான்டா குரூஸ். அந்தக் கரையில் கடல்நீர் ஆண்டின் பெரும்பகுதி 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். கோவளத்திலோ அறுகம் குடாவிலோ அரைக்கால் சட்டையோடு பலகை ஏறியவர்களுக்கு இந்த எண் உடனே விளங்காது. முழங்கால்வரை இறங்கினால் விளங்கிவிடும்.

ஆகவே வெட்சூட் வேண்டும், அதாவது உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை. நல்ல வெட்சூட் எது என்று சொல்லித்தர ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் காசையும் செலவழித்து, கடலிலும் இறங்கி, அப்படியும் பல் கிட்டி நிற்பதற்கு முறையான பாடத்திட்டம் இல்லை. அவரவர் சொந்த முயற்சியில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிறார்கள், காலம் வீணாகிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே கீழ்க்கண்ட படிகள்.

முதலில் கொஞ்சம் கோட்பாடு

எதிரியைச் சரியாகத் தெரிந்துகொண்டால்தான் திருப்தியாகத் தோற்க முடியும். நம் எதிரி கதகதப்பு. அதைக் குளிர்கடலுக்குள் கொண்டுபோனவர் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியலாளர். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தபின் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக யோசித்தபோது அவருக்கு ஒன்று பிடிபட்டது: உடம்பு சூடாக இருப்பதற்கு உலர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மற்றவர்கள் தண்ணீரே புகாத உடைக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். பிராட்னர் புகுந்தால் புகட்டும் என்று விட்டார். நுரைத்த நியோப்ரீன் ரப்பருக்குள் கோடிக்கணக்கான வாயுக் குமிழிகள் அடைபட்டுக் கிடக்கின்றன. உடம்புச் சூட்டை வெளியேறவிடாமல் தடுப்பவை அவைதான். தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே கசியும் மெல்லிய நீர்ப்படலம் சற்று நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். அது அங்கேயே கிடக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை.

‘அங்கேயே கிடக்கும்வரை’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காற்றைக் காட்டிலும் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உள்ளே வந்த நீர் வெளியே ஓடி, அந்த இடத்துக்குப் புதுநீர் வந்தபடியே இருந்தால், பசிபிக் பெருங்கடலைச் சூடாக்கும் பொறுப்பு உங்கள் தனி உடம்பின் தலையில் விழும். நம் திட்டம் மொத்தமும் இந்த ஓட்டத்தை நம்பியே நிற்கிறது. இனி வரும் படிகள் அனைத்துக்கும் நோக்கம் ஒன்றே: வெட்சூட்டுக்குள் தண்ணீர் தங்கக்கூடாது, வந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

படி 1: நாட்காட்டியை நம்புங்கள்

மே மாதத்தில் கடைக்குப் போங்கள். “வெயில் காலம்தானே வருகிறது, மெலிதாக ஒன்று போதும்” என்று சொல்லுங்கள். இந்தக் கரையில் நடுங்குவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

காரணம் இதுதான். வசந்தம் தொடங்கியதும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டி விடாமல் வீச ஆரம்பிக்கிறது. அதோடு பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேற்பரப்பு நீர் கரையைவிட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியாழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. சத்து நிறைந்த நீர் என்பதால் மீன், கடற்பறவை, திமிங்கிலம் எல்லாவற்றுக்கும் அது விருந்துக் காலம். உங்களுக்கு 11 டிகிரி. ஏப்ரலிலும் மேயிலும் கடல் ஜனவரியைவிடக் குளிர்ந்து கிடப்பது அங்கே சாதாரணம். கொஞ்சம் இளகுவது செப்டம்பர், அக்டோபரில்தான். ஊரெல்லாம் குளிர்காலம் என்று சொல்லும் டிசம்பரில் அலை பெரிதாக வரும், ஆனால் நீர் அவ்வளவு மோசமாக இருக்காது.

விவரம் அறிந்தவர்கள் மாதத்தைக் கேட்பதில்லை. கடலில் மிதக்கும் அளவுமிதவைகள் அன்றாடம் சொல்லும் நீரின் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். நீங்கள் சான் ஹோசேயின் வானிலையைப் பாருங்கள். ஜூலையில் 30 டிகிரி என்று காட்டும். 17ஆம் நெடுஞ்சாலையில் மலையேறி இறங்கும்வரை காரில் ஏசி போட்டுக்கொண்டே போகலாம். கரைக்கு வந்ததும் அதை அணைத்துவிடுங்கள், அங்கே தேவைப்படாது.

படி 2: எண்ணைப் பார்த்து, ஊரைப் பார்க்காமல் வாங்குங்கள்

வெட்சூட்டின் மேல் 3/2, 4/3, 5/4 என்று போட்டிருக்கும். முதல் எண் நெஞ்சும் முதுகும் இருக்கும் பகுதியின் தடிமன், அடுத்தது கை கால்களுடையது. கணக்கு மில்லிமீட்டரில். கைதான் துடுப்பு என்பதால் அங்கே கனம் குறைத்திருக்கிறார்கள். வடக்கு கலிஃபோர்னியாவில் ஆண்டு முழுதும் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் போடுவது 4/3. குளிர் தாங்காதவர்களும், ஓஷன் பீச்சில் விடிவதற்கு முன்பே போய் நிற்கிறவர்களும் தலையுறை வைத்த 5/4-க்குப் போகிறார்கள். 3/2 தெற்கே, சான் டியேகோ பக்கத்துக் கடலுக்கு ஏற்றது.

எனவே 3/2 வாங்குங்கள். வீட்டில் சொல்வதற்குக் காரணங்கள் தயாராக இருக்கின்றன: விலை குறைவு, வளைந்து கொடுக்கும், என்றாவது ஹவாய் போனால் அங்கேயும் ஆகும். இல்லாத ஹவாய்ப் பயணத்துக்காக இருக்கிற கடலில் நடுங்குவது தொலைநோக்கு உள்ளவர்களின் வழி.

இதற்கு நேர் எதிரான மார்க்கமும் உண்டு. ‘தடிமன் எவ்வளவோ நன்மை அவ்வளவு’ என்று 6 மில்லிமீட்டரில் இறங்குங்கள். ஒவ்வொரு கை வீச்சும் ரப்பரோடு மல்லுக்கட்டாக மாறும். தோள் சீக்கிரம் ஓய்ந்துபோகும், துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டுப் பலகை மேல் குந்தியிருப்பீர்கள். அசையாத உடம்பு அதிக வெப்பத்தை உண்டாக்காது; ஈரமான வெட்சூட்டின் மேல் காற்று வேறு அடிக்கும். சைவம் வைணவம் எந்த வழியில் போனாலும் முக்தி ஒன்றுதான்.

படி 3: இல்லாத உடம்புக்கு அளவு எடுங்கள்

படிகளில் தலையாயது இது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் பாதகமில்லை.

ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அளவுப் பட்டியல் வைத்திருக்கிறது. உயரம், எடை, மார்புச் சுற்றளவு ஆகிய மூன்றையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வெறும் எஸ், எம், எல் மட்டும் அல்ல. ஒரே எம்மில் குட்டையானவர்களுக்கு ஒன்று, நெட்டையானவர்களுக்கு ஒன்று என்று உள்பிரிவுகளும் உண்டு. பெண்களுக்கு வெட்டு வேறு. ஒரு நிறுவனத்தின் எம்மும் இன்னொன்றின் எம்மும் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் கிடையாது. இவ்வளவு அக்கறையாகப் பிரித்து வைத்திருப்பது, உடம்பைப் பற்றி உண்மை சொல்கிறவர்களுக்காக. நீங்கள் சொல்லாதீர்கள்.

எடை என்ற இடத்தில் திருமணத்தன்று இருந்த எடையைப் போடுங்கள். உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டுங்கள்; பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. மார்பை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்து பாருங்கள். இன்னும் பாரம்பரியமாகச் செய்ய விரும்புகிறவர்கள் பள்ளிச் சீருடைக்கு நம் பெற்றோர் கையாண்ட முறையைப் பின்பற்றலாம்: ஒரு சைஸ் பெரிதாக, நாளைக்கும் ஆகும்படி. அரைக்கால் சட்டைக்கு அது சரி. வெட்சூட்டில், உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவே விடும் ஒவ்வொரு விரல் இடைவெளியும் கடலுக்கு நீங்கள் தரும் அழைப்பிதழ்.

தளர்வு எங்கே இருந்தால் பலன் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்கு மேலே முதுகு குழியும் இடம், அக்குள், கவட்டி, முழங்காலின் பின்புறம், கழுத்து. இவற்றில் கழுத்தும் முதுகுக் குழியும் கூட்டாளிகள். அலைக்கு அடியில் பலகையை அமுக்கி மூழ்கும்போது நீர் கழுத்து வழியே நுழையும். நேராக இறங்கி முதுகுக் குழியில் தேங்கும். நீங்கள் எழுந்ததும் கால் வழியே வெளியேறும். அடுத்த அலைக்கு மறுபடியும். முதல் தடவை வாயிலிருந்து வரும் ஒலிக்கு எந்த மொழியிலும் எழுத்து கிடையாது.

படி 4: போட்டுப் பார்க்காதீர்கள்

கடையில் போட்டுப் பார்ப்பது இந்தத் திட்டத்துக்குப் பேராபத்து. சரியான சூட் அப்போதுதான் அகப்பட்டுவிடுகிறது.

தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன், தவிர்ப்பதற்கு வசதியாக இருக்கும். அவர்கள் அவசரமில்லாத நாளில் போகிறார்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைக்கிறார்கள், வழுக்கிக்கொண்டு போகிறது. நகத்தால் இழுப்பதில்லை, நியோப்ரீன் பிறை பிறையாகக் கிழியும் என்பதால் விரலின் சதையால் பிடித்து ஏற்றுகிறார்கள். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு தொடை என்று சுருக்கமில்லாமல் மேலே கொண்டுவந்து, கவட்டியில் இடைவெளி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்பே தோளுக்கு வருகிறார்கள். அப்புறம் தோப்புக்கரணம் போடுகிறார்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். தோள் இழுத்துப் பிடிக்கிறதா, முதுகுக் குழியில் காற்று உப்புகிறதா என்று பார்க்கிறார்கள். கழுத்து இறுக்கமாக இருக்கலாம். எச்சில் விழுங்க முடியாத அளவுக்கு இருக்கக்கூடாது. உலர்ந்த சூட் கடையில் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கும், நனைந்தால் இளகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆகும், வியர்த்துக் கொட்டும், ட்ரையல் ரூமுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே அடிதடி நடப்பதாகத் தோன்றும். நம்மைப் போன்ற மானஸ்தர்களுக்கு இது தேவையா? நள்ளிரவில், தள்ளுபடி முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது, இணையத்தில் வாங்குங்கள். பொட்டலம் வந்ததும் முதல் வேலையாக விலைச்சீட்டைக் கிழித்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் சபலம் அதோடு ஒழியும். நேராகக் கரைக்குப் போய், ஜிப்பை முன்பக்கமாக வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அது முதுகுப் பக்கம் வர வேண்டியது என்பதைச் சொல்ல வாகன நிறுத்தத்தில் எப்போதும் ஒரு நல்ல ஆத்மா இருக்கும்.

படி 5: தையலைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள்

பெரும்பாலான வெட்சூட் கறுப்பு. ஆகவே நிறத்தைத் தேர்வதென்பது தோளில் ஓடும் கோட்டின் நிறத்தைத் தேர்வது. இதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் சூட்டை உள்பக்கம் புரட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். புரட்டினால் தையல் தெரியும்.

தட்டையாக, ரயில் தண்டவாளம் ஓடுவதுபோல் இரு பக்கமும் தெரியும் தையலில் ஊசி ரப்பரை முழுக்கத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு வாய்க்கால். வெதுவெதுப்பான கடலுக்கு அது போதும், மலிவும்கூட. குளிர்கடலுக்கான சூட்டில் இரண்டு துண்டுகளை முதலில் பசையால் ஒட்டி, பிறகு ஊசி பாதித் தடிமன்வரை மட்டும் போய்த் திரும்பும்படி தைக்கிறார்கள். மறுபக்கம் துளை இருக்காது. மேல் ரகங்களில் தையலின் மேலே நாடாவோ திரவ ரப்பரோ பூசி அடைத்தும் விடுவார்கள். விலை ஏறுவதில் ஒரு பங்கு இந்தத் தையலுக்குப் போகிறது. நாம் கோட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இது கண்ணில் படாது.

ஜிப்பிலும் இரண்டு கட்சி. முதுகு ஜிப் போடுவதற்கும் கழற்றுவதற்கும் சுலபம், ஆனால் நீளமாகத் திறப்பதால் அதன் வழியே நீர் வரும். மார்பு ஜிப்பில் திறப்பு சிறியது. கதகதப்பு கூடும், முதுகும் தாராளமாக வளையும். ஆனால் கழுத்துத் துளை வழியாக மொத்த உடம்பையும் நுழைத்து, கடைசியில் தலையையும் கொடுக்க வேண்டும். உரலுக்குள் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயப்படக்கூடாது என்று பழகியவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் முதுகு ஜிப்பை எடுத்து, அதன் மேல்முனையில் இருக்கும் ஒட்டுப்பட்டையை ஒட்டாமல் விட்டுவிடுங்கள்.

படி 6: வரலாற்றைச் சாட்சிக்கு அழையுங்கள்

“அந்தக் காலத்தில் வெட்சூட்டா போட்டார்கள்?” என்று கேட்கும் மேல்நிலை மாணவர்களுக்கான படி இது. அவர்களுக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. 1885இல் சான்டா குரூஸில் சான் லோரென்சோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஹவாய் அரச குடும்பத்தின் மூன்று இளவரசர்கள் செம்மரப் பலகைகளில் அலை ஏறினார்கள். சான் மாட்டேயோவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அமெரிக்கப் பெருநிலத்தில் பதிவான முதல் அலைச்சறுக்கு அதுதான். நியோப்ரீன் பிறக்கவே அப்போது இன்னும் 45 ஆண்டுகள் இருந்தன.

இளவரசர்கள் ஹவாய்க் கடலில் வளர்ந்தவர்கள், தேர்ந்த நீச்சல்காரர்கள், இறங்கியது ஜூலையில் என்ற விவரங்களைச் சொல்லாமல் விட்டால் வாதம் நிற்கும். பிற்காலத்தில் இந்தக் கரையில் கம்பளி ஸ்வெட்டரோடு இறங்கியவர்கள், கொஞ்ச நேரம் அலை ஏறுவதும் ஓடிவந்து மணலில் தீ மூட்டிக் காய்வதுமாக இருந்தார்கள் என்பதையும் சொல்லாதீர்கள். ஜாக் ஓ’நீல் 1952இல் ஓஷன் பீச் அருகே கடை போட்டு ரப்பர் உடை விற்க ஆரம்பித்தபோது, கரையில் இருக்கும் நாலு நண்பர்களுக்கு விற்ற பிறகு வியாபாரம் முடிந்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் தன் பிள்ளைகளுக்கே வெட்சூட் மாட்டிக் கண்காட்சிகளில் பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் உட்கார வைத்தார். 1959இல் சான்டா குரூஸுக்குக் குடிபோனார். பலகையோடு காலைப் பிணைக்கும் கயிற்றைச் சோதித்தபோது இடக்கண்ணை இழந்து, கறுப்புக் கண்பட்டையே அவர் நிறுவனத்தின் முகமாகி, 2017இல் 94 வயதில் காலமானார். நாலு நண்பர்கள் கணக்கு எங்கோ தப்பிவிட்டது. ஆனாலும் நீங்கள் 1885ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: வேறு வேலைக்கான உடையை இரவல் வாங்குங்கள்

“என்னிடம் ஒரு வெட்சூட் சும்மா கிடக்கிறது” என்று சொல்லும் நண்பர் எல்லாருக்கும் ஒருவர் இருக்கிறார். அது முக்குளிப்பு உடையாக இருந்தால் மிகவும் நல்லது. ஆழத்தில் மெதுவாக நகர்பவருக்காகச் செய்தது. தோள் வளைவதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. டிரையத்லான் நீச்சல்காரரின் உடை என்றால் இன்னும் நல்லது. நீரில் வழுக்கிப் போவதற்காக வெளிப்பக்கம் மழமழவென்று இருக்கும், காலை மிதக்க வைக்கும், பலகையின் மெழுகில் இரண்டு நாள் உரசினால் கிழிந்துவிடும்.

இரண்டும் இல்லாவிட்டால் கேரேஜில் ஆண்டுக்கணக்கில் தொங்கிய பழைய சூட் இருக்கும். நியோப்ரீன் வயதானால் விறைத்துப்போகும். விரலால் அமுக்கினால் குழியாமல், மடித்த இடத்தில் வெடிப்பு தெரிந்தால், அதுவே நாம் தேடியது. நல்ல சூட்டை ஓரிரு நாள் வாடகைக்கு எடுத்துப் போட்டு, தன் உடம்புக்கு எந்தத் தடிமன், எந்த அளவு என்று தெரிந்துகொண்டு வாங்கும் குறுக்கு வழியைப் பலர் கையாள்கிறார்கள். கடற்கரையோரக் கடைகளில் இதற்கு வசதி செய்தே வைத்திருக்கிறார்கள். கவனமாக ஒதுங்கிப் போங்கள்.

படி 8: தலை, கை, கால் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

சூட்டுக்கே பணம் கரைந்துவிட்டது. தலையுறை, காலுறை, கையுறை என்று கடைக்காரர் அடுக்கும்போது ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று முனகியபடி வெளியே வாருங்கள். பாதம் மரத்துப்போனால் பலகையின் மேல் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எழுந்து நிற்கும்போது இது பெரிய உதவி. 3 மில்லிமீட்டர் காலுறை போட்டால் தெரிந்துவிடும்.

தலையுறை போடாமலிருப்பதற்கு நீண்டகாலப் பலன் ஒன்றும் உண்டு. குளிர்நீரும் காற்றும் ஆண்டுக்கணக்கில் காதுக்குள் அடித்தால், புறச்செவிக் குழாயில் எலும்பு மெல்ல வளர்ந்து வழியை அடைக்கும். அலைச்சறுக்குவோர் காது என்றே அதற்குப் பெயர் இருக்கிறது. முற்றினால் அறுவை செய்துதான் எலும்பைச் செதுக்க வேண்டும். தலையுறையோ காதடைப்பானோ இதைத் தள்ளிப்போடும் என்பதால் இரண்டும் நம் திட்டத்துக்கு ஆகாது.

படி 9: வாங்கிய பின் கொல்லுங்கள்

இவ்வளவு சொல்லியும் தவறிப்போய் நல்ல சூட் வாங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். பராமரிப்பில் எல்லாவற்றையும் சரிக்கட்டலாம். நல்ல தண்ணீரில் அலசாமல் உப்போடு சுருட்டிக் கார் டிக்கியில் போடுங்கள். நாற்றம் வந்ததும் சுடுதண்ணீரில், வாஷிங் மெஷினில் துவையுங்கள். மொட்டை வெயிலில் காயப் போடுங்கள். மெல்லிய கம்பி ஹேங்கரில் தோளை மாட்டினால், நனைந்த சூட்டின் கனத்தில் தோள் இழுபட்டு மெலியும். இடுப்பில் மடித்துத் தடித்த கம்பின் மேல் நிழலில் போடுகிறவர்கள், உள்பக்கத்தை வெளியே புரட்டி முதலில் காயவிடுகிறவர்கள் ஆகியோரின் சூட் பல ஆண்டு உழைத்து நம் நோக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவ்வளவு செலவாகும்?

200 டாலருக்கும் 4/3 உண்டு, 500 தாண்டியும் உண்டு. விலை கூடும்போது நுரை மெத்தென்று ஆகும், உள்ளே கம்பளிபோல் துணி வரும், தையல் இறுகும். ஆனால் உடம்போடு ஒட்டாத 500 டாலர் சூட்டை உடம்போடு ஒட்டும் 200 டாலர் சூட் தோற்கடிக்கும். இந்தத் தகவல் பரவினால் பெரிய நஷ்டம், உங்களோடு இருக்கட்டும்.

சூட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கலாமா?

நாகரிகமான கேள்வி இல்லைதான். ஆனால் முதலில் மனதில் எழுவது இதுதான். குளிர்நீரில் தோலோரத்து ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உடம்பின் நடுவே திரள, சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்கிறது. ஆகவே உந்துதல் வருவது இயற்கை. அரை நிமிடம் கதகதப்பாகத் தோன்றும். அந்தச் சூடும் ஏற்கெனவே உங்கள் உடம்புக்குள் இருந்ததுதான், புது வருமானம் அல்ல. வாடகை சூட்டில் இறங்குகிறவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடுவது நல்லது.

நியோப்ரீன் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்கிறார்களே?

குளோரோப்ரீன் என்ற வேதிப்பொருளிலிருந்து அதைச் செய்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருளாக வகைப்படுத்தியது. லூசியானாவில் நியோப்ரீன் தயாரிக்கும் ஓர் ஆலையின் பக்கத்தில் வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். பட்டகோனியா நிறுவனம் 2016இல் மரப்பாலில் இருந்து எடுக்கும் இயற்கை ரப்பருக்கு மாறியது; வேறு சில நிறுவனங்களும் அந்த வழியில் வருகின்றன. எந்த ரப்பராக இருந்தாலும், ஒரே சூட்டைப் பல ஆண்டு போடுவதுதான் பூமிக்கு ஆகும் முதல் நன்மை. படி 9ஐ அப்படியே கடைப்பிடிப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்கலாம்.

நடுக்கம் எந்த அளவுக்குப் போனால் கரையேற வேண்டும்?

இந்த ஒரு பதிலில் விளையாட்டு இல்லை. பாதுகாப்பில்லாமல் குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கித் திணறும். அதை அடக்குவதே வேலை. அடுத்த 10 நிமிடம்வரைதான் கை கால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். குளிர்நீர் மீட்பு பயிற்சிகளில் சொல்லித்தரும் கணக்கு இது. சூட் இந்தக் காலத்தை நீட்டும், இல்லாமல் ஆக்காது. விரல்கள் ஒன்றோடொன்று சேர மறுத்து விரிந்து நின்றால், பேச்சு குழறினால், நடுக்கம் அடங்கி ஒருவித மந்தம் வந்தால், அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டாம். ஓஷன் பீச்சில் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் பலமானது. பழகுகிறவர்கள் அங்கே தொடங்க வேண்டாம், தனியாக இறங்கவும் வேண்டாம். லிண்டா மார் இருக்கிறது, சான்டா குரூஸில் கவல்ஸ் கரை இருக்கிறது. கரையேறியதும் ஈரத்தைக் களைந்து, காற்றுக்கு மறைவில், தலையையும் சேர்த்து மூடிக்கொள்ளுங்கள்.

எல்லாப் படிகளையும் மீறி, உடம்புக்குச் சரியான 4/3 வாங்கிவிட்டேன். ஒட்டித் தைத்தது, மார்பு ஜிப், தலையுறை, காலுறை எல்லாம் இருக்கிறது. மே மாதம் இறங்கினேன், குளிரவே இல்லை. இப்போது என்ன செய்வது?

ஆழ்ந்த அனுதாபங்கள். இதுவரை அலையைத் தவறவிட்ட ஒவ்வொரு தடவையும் “விறைத்துப்போச்சு” என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள்; அந்த வசதி போய்விட்டது. இனி ஒரு மணி நேரம் தாராளமாகக் கடலில் இருக்கலாம் என்பதால், துடுப்புப் போடத் தெரியவில்லை, அலையின் வருகையைக் கணிக்கத் தெரியவில்லை, எழுந்து நிற்கத் தெரியவில்லை என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆனாலும் இன்னும் சொந்தமாகப் பலகை வாங்கவில்லை அல்லவா? அப்படியானால் கவலை வேண்டாம். கற்றுக்கொள்வோருக்கு ஒன்பதடி நீளமும் அகலமும் மெத்தென்ற மேற்பரப்பும் உள்ள பலகைதான் ஏற்றது என்று கடையில் சொல்வார்கள். காதில் வாங்காமல், சுவரில் சாய்த்திருப்பதிலேயே குட்டையான, மெல்லிய, கூர்மூக்குப் பலகையை எடுங்கள். தோளில் ஓடும் கோட்டுக்குப் பொருத்தமான நிறத்தில்.